கொசுத்தேனீயின் வாசல்

லோயர் கேம்ப்பை ஒட்டிய மலையடிவாரத்தில் பளியன்குடி இருக்கிறது. கண்ணகி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அறிந்த ஊர். அங்கு வாழும் பளியர்கள் தேன் எடுப்பதில் தலைமுறை அனுபவம் உள்ளவர்கள்.

மலைத்தேனீயின் அடை உயர்ந்த பாறையிலும் கிளையிலும் தொங்கும், தூரத்திலேயே தெரியும். கொசுத்தேனீ அப்படியல்ல. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளம், கறுப்பு உடல். கொட்டத் தெரியாது. மரப்பொந்துக்குள் ஒளிந்து வாழ்கிறது.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? வெயில் ஏறிய காலையில், வெளிச்சத்தை எதிர்நோக்கி அடிமரத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் சிறு பூச்சிகள் போவதும் வருவதுமாக இருக்கும். அருகில் போனால், மெழுகும் பிசினும் கலந்து கட்டிய சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வாசல். காவல் தேனீக்கள் அங்கேயே நிற்கும். பூவிலோ பிசின் வடியும் மரத்திலோ இவற்றைப் பார்த்தால், கூடு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான்.

உள்ளே அறுகோண அறைகளில் அல்ல, சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் தேன் இருக்கும். லேசான புளிப்பு, அளவோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத் தேனுக்காகப் பொந்தை வெட்டிப் பிளந்தால் ராணியும் குஞ்சுகளும் அழியும். பொந்துள்ள முதிய மரமும் போய்விடும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் தேன் சேகரிக்கும் உரிமையை ஏற்கிறது. மற்றவர்கள் பார்த்து மகிழ்வதே போதும்.

உங்கள் வீட்டுப் பழைய சுவரிலும் அந்தக் குழல் இருக்கலாம். சிமென்ட் பூசி அடைத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துப் பூக்கள் காய்க்க உதவும் விருந்தாளி கொசுத்தேனீ.