இரு கையும் நடுவில் பொருந்துக!



முகவை மண் பாலத்தை அறிந்த மண். 1914ஆம் ஆண்டு பாம்பன் கடலிடையே திறக்கப்பெற்ற பழைய தொடர்வண்டிப் பாலத்தின் நடுவே இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. கப்பல் வருங்கால் அவை மேலெழுந்து வழிவிடும். வண்டி வருமுன் தாழ்ந்து நடுவில் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு கை தாழ்ந்து மறு கை நிமிர்ந்தே நின்றால் வண்டி கடக்க இயலுமோ? மேனிலைப் பள்ளியும் கல்லூரியும் அத்தகைய இரு கைகள். பள்ளிக் கை தமிழில் தாழ்ந்திருக்கிறது; கல்லூரிக் கையோ, அறிவியல் வகுப்புகளில் பெரும்பாலும், ஆங்கிலத்தில் நிமிர்ந்து நிற்கிறது. இடைவெளியில் விழுகின்றவர் யாவர்? மீனவர் மக்கள், உப்பளத் தொழிலாளர் மக்கள், வானம் பார்த்த நிலத்தில் மிளகாய் பயிரிடுவோர் மக்கள்!

இப்பிளவு எவ்வாறு நேர்ந்தது? 1978 வரை பள்ளிப் படிப்பு பதினோராண்டு. அதன்பின் கல்லூரிக்குள்ளேயே ஓராண்டுப் புகுமுக வகுப்பு. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்து ஏழை மாணவரை வருத்திற்று. எனினும் புதிதாய் வரும் மாணவன் எதை அறிவான், எதை அறியான் என்பதைக் கல்லூரி ஆசிரியர் அவ்வோராண்டில் நேரிற் கண்டார். 1978இல் மேனிலைக் கல்வி பள்ளிக்கு வந்தது. சிற்றூர் மாணவர்க்கு அது பெருநன்மை. ஆயினும் அன்றே கல்லூரி ஆசிரியர்க்குப் பள்ளி நூலைப் புரட்டும் தேவை அற்றுப்போயிற்று. வகுப்பு இடம் மாறியது; உறவு அறுந்தது.

இதன் விளைவைக் காண்க. முடுக்கம், உந்தம், மின்தடை, ஒளிச்சேர்க்கை என்று ஈராண்டுகள் பொருளுணர்ந்து கற்ற மாணவி, கல்லூரியின் முதல் வகுப்பில் அதே பொருளை வேறொரு பெயரில் கேட்கிறாள். பொருளை அவள் அறிவாள், பெயரைத்தான் அறியாள். ஆனால் தேர்வுத்தாள் அவளைப் பொருளறியாதவள் என்று முடிவுகட்டுகிறது. அறிந்தவளை அறியாதவள் என்னும் இக்கொடுமைக்குத் 'தகுதிக் குறைவு' என்று பெயர் சூட்டுவது எத்துணைப் பெரிய அறமின்மை!

இராமேசுவரத்துக் கலாம் கடக்கவில்லையா என்பர் சிலர். முகவைச் சுவார்ட்சுப் பள்ளியிற் பயின்று 1950இல் திருச்சித் தூய வளனார் கல்லூரிக்குச் சென்ற அப்பெருமகனார், கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியிற் கற்றதே தமக்கு ஆக்கம் தந்தது என்று மேடைகளில் மொழிந்தவர். அடிப்படை தமிழில் அமைந்ததன் வலிமைக்கு அவர் சான்று. பள்ளம் இல்லை என்பதற்குச் சான்றல்லர். ஒருவர் நீந்திக் கடந்தார் என்பதற்காகப் பாலம் வேண்டா என்பார் உண்டோ?

கல்லூரி வாயில் வரை செல்ல இன்று வழி செய்யப்பட்டுள்ளது. அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 உருபா வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்தம்பர் 5இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகத்து 9இலும் தொடங்கின. 2022இல் தோன்றிய நான் முதல்வன் திட்டம், மேனிலை மாணவரைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று காட்டுகிறது. யாவும் நன்றே. ஆனால் கட்டடத்தைக் காட்டினாற் போதாது. வகுப்புக்குள்ளே கேட்கும் சொல்லையும் காட்டவேண்டும்.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. 2023 மே திங்களில், சேர்க்கை குறைந்ததென்று கூறி, உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பள்ளியில் முன்கூட்டியே எடுத்துரைக்காமலும், கல்லூரியில் போதிய நூல் குவிக்காமலும், மாணவர் வரவில்லை என்று சொல்வது முறையாகுமா? 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென வெளியிட்ட தமிழ் நூல்கள் பல நூறு. இயலாதென்பது பொய், தொடரவில்லை என்பதே மெய்.

செய்யத்தக்கவை நான்கு.

ஒன்று: மேனிலை ஆசிரியரும் கல்லூரி முதலாண்டு ஆசிரியரும் ஒருங்கமர்ந்து, பாடந்தோறும் இருமொழிக் கலைச்சொற் கையேடு ஆக்குக. 2018 முதல் வெளிவந்த மேனிலைப் பாடநூல்களின் கலைச்சொற் பட்டியல்களே அதற்குக் கால்கோளாகும்.

இரண்டு: கல்லூரியின் முதற்பருவத் தொடக்க வாரங்களில் பள்ளிப் பாடத்தையே தமிழில் நினைவூட்டி, அதன்மேல் புதியதை எழுப்புக, தமிழில் விடையெழுத விரும்புவோர்க்கு முழு உரிமை தருக.

மூன்று: சேதுபதி அரசு கலைக்கல்லூரி ஆசிரியர் மண்டபம், கடலாடி, திருவாடானைப் பள்ளிகளுக்குச் செல்க, அப்பள்ளி ஆசிரியர் கல்லூரி வகுப்பில் வந்தமர்க.

நான்கு: முதலாண்டு மாணவர் எப்பாடத்தில் ஏன் தடுமாறினர் என்பதைக் கல்லூரி ஆண்டுதோறும் பள்ளிக்கு எழுதுக. இஃது அவர்களைப் பழிக்க அன்று. பள்ளியும் கல்லூரியும் தம்மைத் திருத்திக்கொள்ள.

இவற்றுக்குப் புதுக் கட்டடம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. ஆசிரியர் இருசாரார் ஒரு மேசையில் அமரும் மனம் வேண்டும்.

1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் இம்முகவை மரபினர். ஏடு தொகுத்து, நூல் பதிப்பித்து, தேர்வு நடத்தித் தமிழ் வளர்த்தது அச்சங்கம். அன்று ஏட்டைக் காத்த நிலம், இன்று ஏடு தூக்கும் பிள்ளையைக் காக்கவேண்டாவா? பெற்றோரே, வரும் கல்வியாண்டு தொடங்குமுன் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கல்லூரி முதல்வரிடமும் இக்கேள்வியை எழுப்புங்கள்: 'எம் பிள்ளைக்காக நீங்கள் இருவரும் எப்போது சந்திக்கப் போகிறீர்கள்?' விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்!