பாட்டு யாருக்குச் சொந்தம்?

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஆலையில் நெய்த துணி யாருக்குச் சொந்தமாகிறது என்று கேட்டால், நம் வீட்டுச் சின்னப் பையன்கூடப் பதில் சொல்லிவிடுவான். அறுத்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போகிறது என்பதையும் நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? மெட்டுப் போட்டவனுக்கா, வாத்தியம் வாசித்தவனுக்கா, பாடியவனுக்கா, பணம் போட்டவனுக்கா? இந்தக் கேள்விக்கு விடை காண, அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பாட்டுக்காரரின் கதையை உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் விக் மிஸ்ஸி. 1916இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக் கழகத்தில் படிக்கும்போதே இர்விங் டெய்லர் என்ற நண்பரோடு சேர்ந்து பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். அவர் மெட்டு, இவர் வரிகள் என்பது ஏற்பாடு.

அந்தக் காலத்து நியூயார்க்கில் பாட்டு ஒரு சரக்கு. பாட்டுப் பதிப்புக் கம்பெனிகள் பிராட்வே வீதியில் அறை அறையாகக் குடியிருந்தன. பாட்டுக்காரன் மெட்டைச் சுமந்துகொண்டு படியேறுவான். கம்பெனிக்காரனுக்குப் பிடித்தால் வாங்குவான், பிடிக்காவிட்டால் அடுத்த வாசல். வாங்கிய பாட்டின் வருமானத்தில் சரிபாதி பதிப்பாளன் பங்கு. மறுபாதிதான் மெட்டுக்காரனுக்கும் வரி எழுதியவனுக்கும். நிலத்துக்காரனுக்கு வாரம் அளந்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மிஸ்ஸி கடற்படையில் சேர்ந்தார். அங்கிருந்தபோதும் பாட்டை விடவில்லை. 1942இல் அவரும் டெய்லரும் கட்டிய 'மூன்று சின்னச் சகோதரிகள்' என்ற பாட்டை ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடினார்கள். காதலர்களைப் படைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மூன்று பெண்களின் பாட்டு அது. ஊரெல்லாம் அப்படிப்பட்ட பெண்கள் இருந்த காலம். பாட்டு பிடித்துக்கொண்டது.

அதே 1942இல், ஆகஸ்ட் 1ஆம் தேதி, அமெரிக்க வாத்தியக்காரர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். ஜேம்ஸ் பெட்ரில்லோ அவர்கள் சங்கத்தின் தலைவர். கோரிக்கை என்ன? இசைத்தட்டு வந்தபின் ரேடியோ நிலையத்திலும் ஓட்டலிலும் நேரில் வாசிப்பவனுக்கு வேலை குறைந்தது. தான் வாசித்த தட்டே தன் பிழைப்புக்கு எமனாக வந்து நின்றது! ஒரு புது இயந்திரம் வந்தால் எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்று பார்த்த ஆலைத் தொழிலாளிக்கு இது புதுக்கதை அல்ல. "தட்டு விற்கட்டும், ஆனால் விற்கும் ஒவ்வொரு தட்டிலும் எங்கள் சங்க நிதிக்கு ஒரு பங்கு வேண்டும்" என்பதே அவர்கள் கோரிக்கை.

கம்பெனிகள் மசியவில்லை. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களை வைத்துத் தட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வேலைக்குத் திரும்பும்படி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டுப் பார்த்தார். சங்கம் அசையவில்லை. 1943இல் ஒரு பெரிய கம்பெனி கையெழுத்துப் போட்டது. 1944 நவம்பரில் கொலம்பியா, விக்டர் என்ற இரு பெரிய கம்பெனிகளும் பணிந்தன. தட்டுக்குத் தட்டு பணம் வந்து நிதியில் சேர்ந்தது. வேலையற்ற வாத்தியக்காரர்களுக்கு அந்த நிதியிலிருந்து கூலி கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள்.

இந்தப் போராட்டம் முடிந்த கையோடுதான் நம் மிஸ்ஸிக்கு யோகம் அடித்தது. அவர் மெட்டுப் போட்டு, மான் கர்ட்டிஸ் வரிகள் எழுதிய பாட்டு ஒன்று. கனவுகள் நாளுக்கு நாள் நல்லதாகின்றன என்ற கருத்துடையது. லெஸ் பிரவுன் வாத்தியக் குழுவோடு டாரிஸ் டே என்ற இளம்பெண் பாட, கொலம்பியா தட்டாக வந்து, 1945இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

இதோடு நின்றிருந்தால், ஒரு காலத்துப் பாட்டுக்காரர் என்ற பெயரோடு மிஸ்ஸி மறைந்திருப்பார். காலம் மாறியது. 1950இல் அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு வீட்டில்தான் டெலிவிஷன் இருந்தது. 1960க்குள் பத்தில் ஒன்பது வீட்டுக்கு அது வந்துவிட்டது. இளைஞர்கள் ராக் பாட்டுக்குப் போனார்கள். பழைய பாட்டுக்காரர்கள் பலர் வாசல் தேடி அலைந்தபோது மிஸ்ஸி டெலிவிஷன் பக்கம் நடந்தார்.

டெலிவிஷன் தொடருக்கு முகப்புப் பாட்டு வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் கதை என்ன, மனிதர்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். அடுக்களையில் இருப்பவர் காதில் விழுந்ததும் ஓடிவர வேண்டும். நம் ஊரில் கூத்து தொடங்குமுன் மேளம் கட்டி ஆளைக் கூட்டுவதைப் போன்ற வேலை இது.

1964இல் 'ஆடம்ஸ் குடும்பம்' என்ற வேடிக்கைத் தொடர் வந்தது. பேய் வீடு போன்ற மாளிகையில் விசித்திரமான, ஆனால் அன்பான குடும்பம். மிஸ்ஸி பழைய ஹார்ப்சிகார்டு வாத்தியத்தில் நாலு சுரம் வைத்தார், அதன் பின்னே இரண்டு விரல் சொடுக்கு. அவ்வளவுதான்! குழந்தைகள் சொடுக்கத் தொடங்கினார்கள்.

பாட்டுக்குப் பாடகர்கள் வேண்டுமல்லவா? தொடரைத் தயாரித்த பிலிம்வேஸ் கம்பெனி பாடகர்களுக்குக் கூலி கொடுக்க மறுத்துவிட்டது. என்ன செய்தார் மிஸ்ஸி? தாமே பாடினார். தம் குரலை மூன்று முறை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். பல பேர் சேர்ந்து பாடுவதுபோல் கேட்கும் அந்தப் பாட்டில் இருப்பது ஒரே மனிதர்!

ஆனால் ஒரு காரியத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பாட்டின் பதிப்புரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், 1965இல், 'பச்சை வயல்கள்' என்று பொருள்படும் 'கிரீன் ஏக்கர்ஸ்' தொடர். நியூயார்க் வக்கீல் ஒருவர் விவசாய மோகத்தில் பாழடைந்த பண்ணையை வாங்கிக்கொண்டு, கோட்டும் கழுத்துப் பட்டியும் கழற்றாமலே டிராக்டர் ஓட்டுகிறார். சேற்றில் நின்று பழகிய நம் தோழர்கள் பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்த முகப்புப் பாட்டுக்கும் வரி, மெட்டு இரண்டும் மிஸ்ஸியே. தொடர் 1971 வரை 170 பகுதிகள் ஓடியது.

இப்போது பணம் வரும் வழியைப் பார்ப்போம். தொடர் ஒளிபரப்பாகும்போதெல்லாம் நிலையங்கள் கட்டும் உரிமைத் தொகையிலிருந்து பாட்டுக்குப் பங்கு உண்டு. அதில் பாதி ஆக்கியவனுக்கு, பாதி பதிப்பாளனுக்கு. வழக்கமாகத் தயாரிப்புக் கம்பெனியே ஒப்பந்தத்தில் பதிப்பாளனாகி ஒரு பாதியை எடுத்துக்கொள்ளும். 'ஆடம்ஸ் குடும்பம்' 64 பகுதிகளோடு 1966இல் நின்றது. ஆனால் மறு ஒளிபரப்பு நிற்கவில்லை. 1991இல் சினிமாவாகவும் வந்தது. இரண்டு பாதியும் மிஸ்ஸிக்கே வந்தன. தமக்குப் பணக்காரர்கள் வாழும் பெல்-ஏர் பகுதியில் வீடு கிடைத்தது அந்த இரண்டு சொடுக்கால்தான் என்று முதுமையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். 2009இல், 93 வயதில் காலமானார்.

நல்லது, அவர் உழைப்பு அவருக்குப் பலன் தந்தது. நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் மற்றவர்கள் கதி என்ன?

1966இல் 'ஸ்டார் டிரெக்' தொடருக்கு மெட்டமைத்தவர் அலெக்ஸாண்டர் கரேஜ். தொடரின் கர்த்தா ஜீன் ராடன்பெரி அந்த மெட்டுக்குத் தாமே வரிகள் எழுதினார். தொடரில் ஒரு நாளும் யாரும் அதைப் பாடியதில்லை. பின் எதற்கு எழுதினார்? வரி எழுதியவர் என்ற பெயரில் கரேஜின் பங்கில் பாதி அவருக்குப் போனது. ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது!

1963இல் இங்கிலாந்தில் 'டாக்டர் ஹூ' தொடர். மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை இசையாக்கியவர் பி.பி.சி. ஊழியரான டீலியா டார்பிஷயர் என்ற பெண். ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, சுரம் சுரமாக ஒட்டி உருவாக்கினார். கேட்டு வியந்த கிரெய்னர், இவருக்கும் ஆக்கியவர் என்ற உரிமை வேண்டும் என்றார். நிர்வாகம் மறுத்தது. ஊழியருக்குச் சம்பளம் உண்டு, பெயர் கிடையாது! 2001இல் அவர் இறந்தார். 2013இல்தான் தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது.

மிஸ்ஸியின் மெட்டு உயர்ந்தது, இவர்கள் மெட்டு தாழ்ந்தது என்று எவராவது சொல்ல முடியுமா? வித்தியாசம் மெட்டில் இல்லை தோழர்களே, ஒப்பந்தத்தில் இருக்கிறது!

இதை உணர்ந்து அமெரிக்க இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் 1971இல் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். 1972இல் 71 பேர் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் அது சமரசத்தில் முடிந்தது. மீண்டும் சங்க அங்கீகாரம் கேட்டபோது, 1984இல், நீங்கள் தொழிலாளர்கள் அல்ல, தனிக் குத்தகைக்காரர்கள் என்று சொல்லிக் கதவை அடைத்தார்கள். கம்பெனி சொன்ன நேரத்தில், கம்பெனி சொன்னபடி வேலை செய்பவன் குத்தகைக்காரனாம்! ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானதுதான்.

ஒரே தொழிலில் இரண்டு வழிகளைப் பார்த்தோம். மிஸ்ஸி காகிதத்தைச் சரியாகப் படித்துக் கையெழுத்திட்டார். ஒரு வீடு கிடைத்தது. வாத்தியக்காரர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் கூடி நின்றார்கள். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்குக் கூலி கிடைத்தது. காகிதத்தைப் படிக்கவும் வேண்டும், கூடி நிற்கவும் வேண்டும்.

இனி ஒரு பாட்டைக் கேட்கும்போது, இது யார் உழைப்பு, யார் பையில் விழுகிறது என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பாட்டையும் ரசியுங்கள். அதைக் கட்டியவன் விரும்பியதும் அதுதான்.