மழையும் திறைசேரியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பருவநிலை மாற்றமும் தேசத்தின் பொருளாதாரமும் என்னும் விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டோம் என்றதும், "இது கொழும்பிலிருக்கும் நிபுணர் பேசவேண்டிய பேச்சல்லவா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டில் வாழும் நம்மிலும் இதை அறியவேண்டியவர் வேறு யார்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. மிதக்கும் அந்த நீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த காரணத்தை யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு உரையாசிரியர் எவரும் விளக்கவேண்டியதில்லை.

பெரியோர் ஒரு வினாவை எழுப்புவர். "1964இல் புயல் வரவில்லையா? 1978இல் மட்டக்களப்பு அழியவில்லையா? மழை பொய்ப்பதும் மிகுவதும் புதிதோ?" நியாயமான வினாவே. ஆயின், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது நிலம் விரைவிற் காய்ந்துவிடுகிறது. 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024 நவம்பரில் வெள்ளம், 2025இல் டித்வா. இவை யாவும் இங்கே முன்வரிசையில் இருக்கும் இருபது வயதினரின் வாழ்நாளுக்குள்ளேயே வந்து போனவை.

இனி, மழையானது திறைசேரிக்குள் எவ்வழியாக நுழைகிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டில் இலங்கையில் ஏறக்குறைய 44 இலட்சம் தொன் நெல் விளைந்தது. கடும் வறட்சியால் 2017இல் அது 24 இலட்சம் தொன்னாகச் சுருங்கிற்று. கமக்காரனின் வருமானம் போயிற்று என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சங்கதி அதோடு முடியவில்லை. அரிசி விலை ஏறாதிருக்க, அரசாங்கம் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இறக்குமதித் தீர்வையைக் குறைத்தது. ஏழு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அரிசி கப்பலில் வந்திறங்கியது. தீர்வையைக் குறைத்தால் வரவு குறையும். அரிசியை வாங்க டொலர் வேண்டும். மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியமையால் நீர்மின்சாரமும் குறைந்தது. எண்ணெயையும் நிலக்கரியையும் எரிக்க நேர்ந்தது. அதற்கும் டொலர்தான். வறட்சி நிவாரணமோ செலவுப் பக்கத்தில் ஏறியது. இத்தனை செய்தும் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஏறவே செய்தது.

இங்கே மத்திய வங்கியின் சங்கடத்தையும் சொல்லவேண்டும். 2017 மார்ச்சில் அது தன் வட்டி வீதத்தைக் கால் சதவீதம் உயர்த்தியது. வங்கிக் கடன் பெருகுவதை அடக்க அது உதவும். ஆனால் வட்டியை உயர்த்தினால் வயலில் நெல் விளையுமா? சொட்டுநீர்க் குழாய் போடக் கடன் எடுக்க எண்ணிய தோட்டக்காரன் வேண்டுமானால் பின்வாங்குவான்! மழையால் ஏறிய விலைக்கு வட்டி மருந்தாகாது என்பதே எமது அபிப்பிராயம். மருந்து வேறிடத்தில் இருக்கிறது.

டித்வாவைப் பாருங்கள். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2025 நவம்பர் 7இல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. சரியாக மூன்று கிழமை கழித்து, 28ஆந் திகதி, புயல் கரையேறியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இழப்பைக் கணக்கில் எழுதுவார் இல்லை. கட்டடம், வீதி, பயிர் முதலியவற்றின் நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என மதிப்பிட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 4 சதவீதம். ஆண்டு முழுவதும் பாடுபட்டு நூறு ரூபா உழைக்கும் வீடொன்று நாலு ரூபாச் சொத்தை இரண்டொரு நாளில் இழந்தாற் போல. டிசம்பரில் 50,000 கோடி ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீடு நிறைவேறியது. சர்வதேச நாணய நிதியம் 20 கோடி 60 இலட்சம் டொலர் அவசர உதவி வழங்கியது. உதவி என்ற சொல்லைக் கவனியுங்கள். அது திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன்.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையில், வேதபாட வேளையில், யோசேப்பின் கதையைக் கேட்டிருக்கிறோம். எகிப்தில் ஏழாண்டு விளைச்சலும் ஏழாண்டு பஞ்சமும் வரப்போவதை அறிந்து, விளைந்த காலத்தில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துவைத்த கதை அது. அதையே பல்கலைக்கழகத்தில் அரசிறைக் கொள்கை என்னும் பாடத்திலே மறுபடியும் சந்தித்தோம். நம் பாட்டிமார் வீட்டுக் கொம்பறையும் அதைத்தான் செய்தது. அப்படியாயின் நமது அரசாங்கத்துக்குக் கொம்பறை ஏன் இல்லை?

நல்ல ஆண்டின் விளைவைக் கடனும் வட்டியும் முன்கூட்டியே உண்டுவிடுகின்றன. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது. அதன்பின் செலவைச் சுருக்கியே ஆகவேண்டும். எதைச் சுருக்குவது? சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினால் வீதியில் கூக்குரல் எழும். வட்டியை வெட்டக் கடன்காரன் விடான். குளக்கட்டும் வாய்க்காலும் வாய் திறவாதவை. ஆகவே அவற்றுக்கான பணமே முதலில் வெட்டப்படுகிறது. புயல் கடனை வளர்க்கிறது; கடன் வேலைகளை நிறுத்துகிறது; நிறுத்திய வேலையின் இடைவெளி வழியாக அடுத்த புயல் உள்ளே வருகிறது. இந்த வளையத்தை எங்கே அறுப்பது என்பதுதான் இன்று தேசங்களின் நிதியமைச்சர்கள் முன்னுள்ள வினா.

கரிபியன் கடலிலே கிரனடா என்றொரு சிறு தீவு. 2004இல் ஐவன் என்னும் புயல் அதன் ஆண்டு வருமானத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கைச் சேதமாக்கியது; கடன் கட்ட முடியாமற் போயிற்று. 2015இல் கடனை மறுசீரமைத்தபோது, பெரும்புயல் அடித்தால் தவணையைப் பின்போடலாம் என்றொரு வாசகத்தைக் கடன்பத்திரத்திலேயே எழுதுவித்தார்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தது, அந்த வாசகம் வேலை செய்தது, தவணை பின்போடப்பட்டது. இலங்கை 2024 டிசம்பரில் தன் பிணைமுறிகளை மாற்றியமைத்தபோது, உற்பத்தி கூடினால் கொடுப்பனவும் கூடும் என்று ஒருவகை முறிகளில் எழுதிக்கொடுத்தது. உற்பத்தியோடு கடனைப் பிணைக்கலாமெனின் புயலோடும் பிணைக்கலாம். கிரனடா அதைச் செய்து காட்டியிருக்கிறது.

வானத்தைக் கரியாக்கியதில் நமது தீவின் பங்கு மிகச் சிறிது. பெரிய நாடுகளிடம் நட்டஈடு கேட்பது நியாயம். அதற்கென ஒரு நிதியம் அமைக்க 2022இல் எகிப்தில் கூடிய மாநாட்டில் இணக்கமும் கண்டார்கள். அது வரும்வரை கொம்பறையைத் திறந்துவைத்துக் காத்திருக்க முடியாது.

இனி நம்மூருக்கு வருவோம். உலக வங்கி 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, வெப்பமும் மழையும் மாறுவதனால் 2050 அளவில் இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.7 சதவீதம்வரை இழக்கக்கூடும் என்றது. மிகக் கூடிய பாதிப்புக்கு இலக்காகும் மாகாணங்கள் வடக்கும் வடமேற்கும் எனவும் கூறியது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்தபோது நம் தோட்டங்கள் செழித்ததையும், பின்னர் சந்தையைத் திறந்தபோது வாடியதையும் பெரியோர் அறிவர். கொழும்பில் எழுதிய எழுத்து கிணற்றடிவரை வந்தது. இப்போது கிணற்று நீருக்கே கணக்கு எழுதவேண்டிய காலம்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது. முதலில் இரணைமடுவிலிருந்து நீர் கொண்டுவரவே திட்டமிட்டனர். கிளிநொச்சிக் கமக்காரர் இணங்கவில்லை. அவர்களைக் குறைகூற முடியாது. அவர்களுக்கும் சிறுபோகம் உண்டு. தாளையடியை நாம் வரவேற்கிறோம். ஆனால் கடல்நீரை வடிகட்டியூடாகத் தள்ள மின்சாரம் வேண்டும். மலைநாட்டில் மழை பொய்த்தால் மின்சாரச் செலவு ஏறும்; நம் குடிநீரின் செலவும் அதனோடு ஏறும்.

1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கு விடுவது அதன் கருத்து. வேலை தொடங்கிற்று, முழுமை பெறவில்லை. கடலில் வீணே கலக்கும் நீருக்கு எண்ணெய் வேண்டாம், டொலர் வேண்டாம். எந்த நிதியமைச்சர் வந்தாலும் முதலில் வெட்டக்கூடாத செலவு இது என்று நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கவேண்டும்.

அவர்கள் கேட்கும்வரை நாம் செய்யத்தக்க வேலையும் உண்டு. குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சிறு குளங்கள் இருந்தன என்பர். எத்தனை இன்று குளமாக இருக்கின்றன, எத்தனைக்கு நீர் வரும் வாய்க்கால் திறந்திருக்கிறது, எவற்றின்மேல் குப்பையும் கட்டடமும் ஏறிவிட்டன? அடுத்த ஆவணி விடுமுறையில் வாலிபர் இருவர் இருவராக நம் பகுதிக் குளங்களை அளந்து ஒரு கொப்பியில் எழுதுவோம். குளத்தின் பழைய எல்லையைப் பெரியோர் காட்டித் தரவேண்டும். புரட்டாதி பிறக்குமுன் அந்தக் கொப்பியைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைப்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.