கிரணமாலா ஏறிய மலை

சித்திரப் படங்களாக வந்த தேவதைக் கதைகளில் பெண் எப்படி மாறி வந்திருக்கிறாள் என்ற பேச்சு எழுந்தால், வழக்கமாக ஒரே வரலாறுதான் சொல்லப்படும். 1937-இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட், ஏழு குள்ளர்களுக்கு வீடு பெருக்கிச் சமைத்துப் போட்டாள். கடைசியில் இளவரசனின் முத்தத்தில் கண் விழித்தாள். 1950-இல் சிண்ட்ரெல்லாவும் 1959-இல் தூங்கும் அழகியும் அதே வழியில் வந்தார்கள். 1998-இல் முலான் வாளெடுத்தாள். 2012-இல் 'பிரேவ்' படத்து மெரிடா, தன்னை மணக்க வந்தவர்களோடு தானே வில்போட்டியில் நின்று வென்றாள். ஆக, பழங்கதை பெண்ணை முடக்கிப் போட்டது, புதிய காலம் அவளை விடுவித்தது என்று பேச்சு முடியும். இதில் பாதிதான் உண்மை. பழங்கதை எல்லாப் பெண்களையும் முடக்கவில்லை. குவிந்து கிடந்த கதைகளில் எதைத் திரைக்கு எடுப்பது என்று முடிவு செய்தவர்கள்தான் தூங்குகிறவளையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

இதற்கு வங்காளத்திலேயே சான்று இருக்கிறது. 1907-இல், சுதேசி இயக்கம் சூடாக இருந்த நாட்களில், தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமத்து மூதாட்டிகள் சொன்ன கதைகளைத் தொகுத்து 'டாகுர்மார் ஜுலி' என்ற நூலாக்கினார். முன்னுரை ரவீந்திரநாத் தாகூருடையது. பாட்டியின் பை என்ற பெயருக்கேற்ப அதில் எல்லா வகைப் பெண்களும் இருக்கிறார்கள். உறங்கும் நகரத்தில் பொற்கோல் பட்டால்தான் எழுகிற அரசகுமாரி இருக்கிறாள். அதே நூலில் கிரணமாலாவும் இருக்கிறாள். அவளுடைய அண்ணன்மார் அருணும் வருணும் ஒருவர் பின் ஒருவராக மாயமலைக்குப் போய், பின்னாலிருந்து கூப்பிடும் குரல்களுக்குத் திரும்பிப் பார்த்துக் கல்லாகிவிடுகிறார்கள். தங்கை அரசகுமாரனின் உடையை அணிந்துகொண்டு புறப்படுகிறாள். அதே குரல்கள் அவளையும் மிரட்டுகின்றன, கெஞ்சுகின்றன. அவள் திரும்பவே இல்லை. உச்சிக்குப் போய்ப் பொற்பறவையை எடுத்து, நீரைத் தெளித்து, அண்ணன்மாரோடு அங்கே கல்லாய்க் கிடந்த அத்தனை பேரையும் எழுப்பிக்கொண்டு வருகிறாள். இந்தக் கதையின் உறவுக் கதைகள் பல நாடுகளில் உண்டு; ஆயிரத்தொரு இரவுகளிலும் கல்லானவர்களை மீட்பவள் தங்கைதான். ஹாலிவுட்டுக்குக் கிடைக்காத கதையல்ல இது. அவர்கள் தேடாத கதை.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், எந்தக் கதையை எடுப்பது என்ற தேர்வைப் பற்றிய சிந்தனை நெடுநாளாக நடந்து வந்திருக்கிறது. 1956-இல் புத்ததேவ போஸ் அங்கே ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். அதன் தொடக்கக் கால மாணவியும் பின்னாளில் அதே துறையின் பேராசிரியருமான நவநீதா தேவ் சென், பதினாறாம் நூற்றாண்டு வங்கப் பெண்கவி சந்திராவதியின் ராமாயணத்தை ஊன்றிப் படித்தவர். சந்திராவதி சீதையின் பிறப்பிலிருந்து கதையைத் தொடங்குகிறாள். போர் பின்னுக்குப் போய்விடுகிறது, சீதை தன் துயரத்தைத் தானே சொல்கிறாள். கதை அதே கதைதான். சொல்லும் வாய் மாறியதும் அதன் மையம் இடம் பெயர்ந்துவிடுகிறது. 2019-இல் மறைந்த நவநீதா இதை ஆராய்ச்சியோடு விட்டுவிடவில்லை. குழந்தைகளுக்காக அவர் எழுதிய தேவதைக் கதைகளில் பெண்களே ஆபத்தைத் தீர்க்கிறார்கள்.

யார் வாய் பேசுகிறது என்பதை எண்ணியும் பார்க்கலாம். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனத்தைக் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்ட முடிவு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. சிண்ட்ரெல்லாவில் பேச்சில் சுமார் 60 விழுக்காடு பெண்களுடையது; தூங்கும் அழகியில் 71. துணிச்சலான புதிய நாயகி என்று கொண்டாடப்பட்ட ஏரியலின் 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் 68 விழுக்காட்டை ஆண்கள் பேசுகிறார்கள். முலான் நாட்டையே காப்பாற்றுகிறாள், ஆனால் அந்தப் படத்தின் பேச்சில் 77 விழுக்காடு ஆண்களுடையது. அக்காள் தங்கை கதையான 'ஃப்ரோசன்' படத்தில்கூட 59. நாயகி கையில் வாள் ஏறியிருக்கிறது. அவளைச் சுற்றியிருக்கும் கடைக்காரர், காவலர், தோழர், கோமாளி எல்லாரும் ஆண்களாகவே இருந்துவிட்டார்கள். பழைய படங்களில் பெண்கள் நிறையப் பேசினார்கள் என்பதால் அவை மேல் என்று நான் சொல்லவரவில்லை. முன்னேற்றம் நேர்க்கோட்டில் நடக்கவில்லை, சுவரொட்டியில் நிற்கும் ஒருத்தியை மட்டும் பார்த்தால் இது தெரியாது என்கிறேன். படம் எடுப்பவர்களையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் என்ற பெண் கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து நிழலுருவங்களாக்கி 1926-இலேயே 'இளவரசன் அக்மது' என்ற முழுநீளப் படம் தந்தார். அதில் கொடிய மந்திரவாதியைப் போரிட்டு வீழ்த்துபவள் ஒரு சூனியக்காரக் கிழவி, அவள் நல்லவள். டிஸ்னி ஸ்டூடியோவின் முழுநீளச் சித்திரப் படம் ஒன்றை ஒரு பெண் இயக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ் பக்குடன் சேர்ந்து 'ஃப்ரோசன்' படத்தை இயக்கிய ஜெனிஃபர் லீ அவர்.

பழங்கதையில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சேறிய கதை எதுவும் கைபடாமல் வந்ததில்லை. கிரிம் சகோதரர்கள் 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவளைப் பெற்ற தாய் என்றே எழுதி, 1819 பதிப்பில் சிற்றன்னை ஆக்கினார்கள். உலகம் முழுக்கச் சிற்றன்னைகள் சுமந்த பழியில் அந்தத் திருத்தத்துக்கும் பங்குண்டு. இன்னொரு மறுப்பு கனமானது: வாளெடுத்த பெண் ஆணின் வேடத்தைத்தானே போடுகிறாள்? கிரணமாலாவும் முலானும் ஆணுடையில்தானே போனார்கள்? இது நியாயமான கேள்வி. ஆனால் கிரணமாலாவின் கதை மலையோடு முடியவில்லை. அவளுடைய தாய் நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் மரப்பொம்மையையும் பெற்றாள் என்ற பொய்யை நம்பி, கிரணமாலாவின் தந்தையான அரசன் அந்தத் தாயைத் துரத்தியிருந்தான். கிரணமாலா அவனை விருந்துக்கு அழைத்து, பொன்னும் மணியுமாகப் பரிமாறுகிறாள். மனிதர் இதைத் தின்ன முடியுமா என்று அவன் திகைக்க, மனுஷி நாய்க்குட்டி பெற முடியுமா என்று பொற்பறவை கேட்கிறது. அங்கே வாளுக்கு வேலையே இல்லை. அரசனின் அறிவைத்தான் அவள் விசாரணைக்கு நிறுத்துகிறாள்.

அந்தப் பொய்யைச் சொன்னவர்கள் யார்? அரசியின் கூடப்பிறந்த அக்காக்கள். எனக்கு உறுத்துவது இதுதான். பாட்டியின் பையிலும் பெண்ணுக்குப் பெண்ணே பகை. பொறாமைக்காரச் சக்களத்திகளும் அரக்கிகளும் கதைதோறும் வருகிறார்கள். இதில் புதிய படங்கள் உண்மையாகவே ஓர் அடி முன்னால் வைத்திருக்கின்றன. 'ஃப்ரோசன்' படத்தின் எல்சா முதலில் வில்லியாகத்தான் திட்டமிடப்பட்டாள். அவளுக்கென்று இசையமைத்த பாட்டைக் கேட்ட பிறகு, பயந்துபோன ஒரு பெண்ணாக அவளை மாற்றிக் கதையையே திருத்தி எழுதினார்கள். நம் நாட்டுச் சித்திரப் படங்கள் அந்தப் பக்கம் இன்னும் அதிகம் நடக்கவில்லை. 2005-இல் அனுமன், 2007-இல் பால கணேசன், தொலைக்காட்சியில் சோட்டா பீம் என்று நாயகர்கள் பையன்களே. பீமுக்கு லட்டு கொண்டுவருபவள் அவன் தோழி சுட்கி. கீதாஞ்சலி ராவ் 2006-இல் 'பிரின்டட் ரெயின்போ' என்ற குறும்படத்தில், தனியாக வாழும் ஒரு மூதாட்டியைத் தீப்பெட்டிப் படங்களுக்குள் பயணம் போக வைத்தார். அப்படி எடுக்கும் துணிவு நம்மவர்களுக்கும் இருக்கிறது, ஆனால் அவரைப் போன்றவர்கள் மிகச் சிலர்.

பெண்ணே எல்லாம் செய்துவிட்டால் பையன்களுக்குக் கதையில் என்ன மிச்சம் என்ற கவலையையும் கேட்கிறேன். அருணையும் வருணையும் மறுபடி பாருங்கள். யாரோ கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று திரும்பியதால்தான் அவர்கள் கல்லானார்கள். தங்கை வந்து எழுப்பியபோது அவர்களுக்கு மானம் போகவில்லை. மூவரும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள். 'ஃப்ரோசன்' கடைசியில் பனிக்கட்டி வெட்டும் கிறிஸ்டாஃப், எல்சாவின் தங்கை அன்னாவை முத்தமிடுவதற்கு முன் தடுமாறித் தடுமாறி அவளிடம் சம்மதம் கேட்கிறான். அவள் சம்மதித்த பிறகுதான் முத்தமிடுகிறான். ஸ்னோ ஒயிட்டின் இளவரசனுக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவள் விழித்திருக்கவில்லை.