ஒரே சுட்டெண், இரண்டு கணக்கு

(கனடாக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஒரே வகுப்புத் தோழியர் இருவர் இணைந்து ஆற்றிய உரை)



ஓய்வூதியச் சேமிப்பைப் பற்றிப் பேசும்படி செயற்குழு எங்களைக் கேட்டபோது நாங்கள் முதலில் மறுத்தோம். எங்களில் ஒருத்தி இந்த விடயத்தில் 25,000 டொலர் இழந்தவள். பிறகு யோசித்துப் பார்த்தால், பேச வேண்டியதே அதைத்தான் என்று பட்டது. இழந்தவள் யார் என்று மாத்திரம் சொல்லமாட்டோம். அவளுடைய கணவருக்கு முழுத் தொகை இன்னும் தெரியாது. இந்த மலர் வீட்டுக்குப் போனால் தெரியவரும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இலங்கையில் வேலை செய்தவர்களுக்கு ஈ.ரி.எஃப். என்றால் ஊழியர் நம்பிக்கை நிதியம். சேமலாப நிதிக்கு நாங்கள் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட, ஈ.ரி.எஃப்.இற்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்டுவார். நாங்கள் இங்கே சொல்லும் ஈ.ரி.எஃப். அதுவல்ல. பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையில் சேர்த்து, அந்தக் கூடையின் ஒரு பங்கைச் சந்தையில் வாங்கவும் விற்கவும் விடுகின்ற நிதியம் இது. இந்த வகை 1990 இல் ரொறன்ரோ பங்குச் சந்தையிலேயே விற்கப்பட்டது என்பதை இங்குள்ளவர்கள் பெருமையோடு அறிந்துகொள்ளலாம். காசு கொடுக்கிறீர்கள், பங்கு உங்களுடையது. பிறகு யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள்.

பியூச்சர்ஸ் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் மாமரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து விலை பேசி முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார், நினைவிருக்கிறதா? காய்ப்பு நன்றாக வந்தால் அவருக்கு இலாபம், காற்றடித்துப் பூ கொட்டினால் அவர் தலையில். சிக்காகோவில் 1848 இல் தானிய வியாபாரிகள் சங்கமாகக் கூடி வளர்த்ததும் இதன் உறவுமுறைதான். கோதுமை விதைத்தவனுக்கு இது ஒரு காப்பு. விதைக்காத எங்களுக்கு அது என்ன என்பதுதான் கேள்வி. ஒரு வித்தியாசமும் உண்டு. மாங்காய் வியாபாரியிடம் மாலைதோறும் வந்து "இன்று விலை இறங்கிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டு" என்று யாரும் கேட்பதில்லை. பியூச்சர்ஸில் ஒவ்வொரு நாளும் கேட்பார்கள்.

இனி எங்கள் கதை. 2022 ஜனவரியில் இருவரிடமும் ஆளுக்கு 30,000 அமெரிக்க டொலர் இருந்தது. சீட்டு எடுத்த காசும், மேலதிக நேர வேலையில் மிச்சம் பிடித்ததும். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் சுட்டெண் போகப்போக ஏறும் என்று இருவரும் நம்பினோம். அப்போது அது 4,750 அளவில் நின்றது. ஒருத்தி அந்தச் சுட்டெண்ணைப் பின்பற்றும் ஈ.ரி.எஃப்.ஐத் தன் ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கில் வாங்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மற்றவள் "மைக்ரோ" என்ற சிறிய பியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் ஐந்து எடுத்தாள். சிறியது என்ற பெயரை நம்பக் கூடாது. சுட்டெண் ஒரு புள்ளி அசைந்தால் ஒப்பந்தமொன்றுக்கு 5 டொலர். ஐந்துக்கும் 25 டொலர். 4,750 ஐ 25 ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 119,000 டொலர். கையில் இருந்தது 30,000. முற்பணமாக வைக்க வேண்டியது அதிலும் சிறு பங்குதான் என்றபடியால், கணக்கு வசதியாகவே தெரிந்தது. இந்தச் சந்தை ஞாயிறு மாலை திறந்தால் வெள்ளி மாலை வரை நாளாந்தம் சிறிது நேரம் தவிர மூடுவதில்லை. இரவு வேலையிலும் சமையலறையிலும் கைபேசியைப் பார்த்தபடியே ஆறு மாதம் போனது. நித்திரை போனதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

ஜூன் நடுப்பகுதியில் சுட்டெண் 3,750 அளவுக்கு வந்தது. ஆயிரம் புள்ளி, 25,000 டொலர். மிச்சம் ஐயாயிரம். இன்னும் பணம் போடு, இல்லாவிட்டால் ஒப்பந்தங்களை மூடிவிடுவோம் என்று தரகு நிறுவனம் அறிவித்தது. அன்றிரவு அவள் மற்றவளுக்குத் தொலைபேசி எடுத்தாள். தன்னுடைய ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருந்து 20,000 எடுத்துப் போடப் போவதாகச் சொன்னாள். அப்படி எடுத்தால் 30 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அந்தக் காசிலை கை வையாதையடி. போனது போகட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் கேட்டாள். ஒப்பந்தங்கள் மூடப்பட்டன.

ஈ.ரி.எஃப். வாங்கியவளும் அதே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துதான் இருந்தாள். ஒக்டோபரில் இன்னும் இறங்கியது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் விற்கவில்லை. 2024 ஜனவரியில் சுட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டியது. சந்தையைப் பற்றி இருவர் நினைத்ததும் சரியே. ஒருத்திக்குக் காத்திருக்க அவகாசம் இருந்தது, மற்றவளுக்கு அது இருக்கவில்லை.

இதனால்தான் கனடாச் சட்டம் ஆர்.ஆர்.எஸ்.பி.க்குள் பியூச்சர்ஸை விடுவதில்லை. போட்டதைவிட அதிகமாகவும் அதில் இழக்கலாம். வர்த்தகம் செய்தே தீருவேன் என்பவர்களைத் தடுக்க எங்களால் முடியாது, எங்களையே யாராலும் தடுக்க முடியவில்லை. அதைத் தனிக் கணக்கில், போனாலும் வீட்டுக்கடன் நிற்காத பணத்தில் செய்யுங்கள். எத்தனை ஒப்பந்தம் என்பதை முற்பணத்தை வைத்து அல்ல, முழுப் பெறுமதியை வைத்துத் தீர்மானியுங்கள்.

ஈ.ரி.எஃப். என்ற பெயர் இருந்தால் எல்லாம் சாது என்றும் எண்ணாதீர்கள். நாளாந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு மூன்று மடங்காக்குபவையும் அந்தப் பெயரில்தான் வருகின்றன. சில, உள்ளே பியூச்சர்ஸையே வைத்திருக்கின்றன. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க மசகு எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூச்சியத்துக்குக் கீழே 37.63 டொலருக்கு இறங்கியபோது, எண்ணெய் நிதியங்களை வாங்கி வைத்திருந்த பலருக்கு அது அன்றுதான் விளங்கியது. உள்ளே என்ன இருக்கிறது, வருடக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் வாசித்துவிட்டு வாங்குங்கள். இலண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்களுக்கு வரியும் கணக்கின் பெயரும் வேறு, அங்கேயே விசாரிக்க வேண்டும்.

மதிய உணவுக்குப் பிறகு யன்னலோரத்து மேசையில் இருப்போம். கணக்கறிக்கைகளைக் கொண்டு வாருங்கள். தொகையை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும், எங்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.