தவணை முடியும் முன்னே பேட்டரி முடியலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பால் ஊற்றப் போக, பூ விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று பேட்டரி வண்டிக்குக் கடன் கேட்கும் உறுப்பினர்கள் இப்போது நிறைய. பெட்ரோல் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் அந்த வண்டியில் விலை கூடின சாமான் பேட்டரிதான். தவணை முடியும் முன்னே அது போய்விட்டால், ஓடாத வண்டிக்குக் கடன் கட்டணும்.

பேட்டரிக்கும் வயசு உண்டு. சார்ஜ் ஏறி இறங்க இறங்க வயசாகும். சும்மா நிறுத்தி வைத்தாலும் வயசாகும். லித்தியம் பேட்டரிக்குள்ளே மெல்லிய படலம் வளர்ந்து, சக்தி தரும் லித்தியத்தில் கொஞ்சம் அதிலேயே சிக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் போன வண்டி நாளாக ஆக 60 தான் போகுது. இதை நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும்.

முதல் எதிரி சூடு. அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியை நிறுத்தாதீங்க, மரத்தடி, திண்ணை நிழல் பாருங்க. ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாதீங்க. அரை மணி நேரம் ஆறட்டும்.

இரண்டாவது, "முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று சிலர் சொல்வாங்க. அது பழைய வகை பேட்டரிக்குச் சொன்ன பேச்சு. லித்தியத்துக்கு 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல், தினப்படிக்கு 80 வரை ஏற்றினால் போதும். தூரப் பயணம் என்றால் கிளம்பும் முன் முழுசா ஏற்றிக்கலாம். கம்பெனி புத்தகத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்க. பல நாள் வண்டி எடுக்கவில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்க.

கவனிங்க, லெட் ஆசிட் பேட்டரிக்கு இது நேர் எதிர். ஓட்டின அன்றைக்கே முழுசா ஏற்றிடணும். இறங்கினபடியே கிடந்தால் உள்ளே தகட்டில் உப்பு மாதிரி படிந்து பேட்டரி செத்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று பில்லிலோ வாரண்டி அட்டையிலோ பார்த்துக்கொள்ளுங்க.

மூன்றாவது, வண்டியோடு வந்த சார்ஜரையே போடுங்க. கூரை வீட்டுக்குள்ளே, படுக்கிற இடத்தில், ராத்திரி முழுக்க சார்ஜ் வேண்டாம். பேட்டரி உப்பினாலோ, வாடை வந்தாலோ அதைத் தொடாதீங்க, திறந்து பார்க்காதீங்க. புகை வந்தால் எல்லாரும் வெளியே வந்து 101க்குப் போன் பண்ணுங்க.

இப்போ ஒரு கணக்கு. புது பேட்டரி 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 மாதம் உழைத்தால் மாதம் 1,000 ரூபாய் செலவு. 60 மாதம் உழைத்தால் 500 தான். மிச்சமாகும் 500 ரூபாய் உங்க பராமரிப்புக்குக் கிடைக்கும் கூலி.

ஆகவே கடன் தரும் முன் ஒவ்வொரு சங்கமும் மூன்று விஷயம் பார்க்கணும். ஒன்று, பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்? அட்டையின் நகலைக் கடன் மனுவோடு வையுங்க. இரண்டு, தவணைக் காலம் அந்த வாரண்டிக்குள் முடிகிறதா? மூன்று, பழைய வண்டி என்றால் முழு சார்ஜ் போட்டு எவ்வளவு தூரம் ஓடுது என்று ஓட்டிப் பார்த்த பிறகே தீர்மானம் எழுதுங்க.

கடன் வாங்கின சகோதரிகள் பெட்ரோலில் மிச்சமாவதில் ஒரு பங்கைப் பேட்டரிக்கென்று தனியாகச் சேமித்து வாங்க. புது பேட்டரி மாற்றும் நாளில் வட்டிக்கு அலைய வேண்டாம். இதை உங்க சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்க.