பூட்டிய வாசலும் திறந்த வாசலும்

(ஏம்பலத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நாற்று நடுகிறவர்களிடமும் தறி ஓட்டியவர்களிடமும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் ஏம்பலத்துக்குப் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் நிலையங்களை ஆரம்பித்தது. இந்த ஊர்ப் பெரியவர்கள் கோயிலின் ஒரு பக்கத்தையே அதற்கு விட்டார்கள். சூரிய ஒளியில் ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்கள் அங்கே வந்தன.

2000 மே மாதம் அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை இதை எழுதிற்று. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கருவறைக்குப் போவது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களும், மாதவிலக்கான பெண்களும் அப்போது அங்கே நுழையக் கூடாது என்றிருந்தது. மற்றொன்று கம்ப்யூட்டருக்குப் போனது, அதில் யாரும் நுழைய முடிந்தது. நெல் விலை என்னவென்று எவரும் கேட்டறிய முடிந்தது.

தோழர்களே, அந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் இரண்டு வாசல்கள் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தறியும் விதைநெல்லும்

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. மனிதன் எழுதி வைத்த கட்டளைப்படியே ஓடும். அந்தக் கட்டளைத் தொகுப்புதான் மென்பொருள். எழுதிய மூலத்தை மறைத்து, 'உபயோகிக்கலாம். திறந்து பார்க்காதே, பிறருக்குக் கொடுக்காதே' என்று கம்பெனி விற்பது தனியுடைமை மென்பொருள். விண்டோஸ் அந்த வகை. மூலத்தையும் சேர்த்துக் கொடுத்து, 'படி, திருத்து, அடுத்தவருக்கும் கொடு' என்பது திறந்த மூல மென்பொருள். லினக்ஸ் இந்த வகை.

மில்லில் தறி நின்றால் பிட்டர் திறந்து பார்த்துச் சரி செய்வார். தறிக்குச் சீல் வைத்து, 'கம்பெனி ஆள் வரும்வரை தொடாதே' என்றால் எப்படி இருக்கும்? அறுவடையில் எடுத்து வைத்த விதைநெல்லைப் பக்கத்து வயலுக்குக் கொடுப்பது குற்றம் என்றால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிபுணருக்கு இந்த அனுபவம் நேர்ந்தது. அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் அச்சிடும் யந்திரம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சரி செய்யும் திறமை அவருக்கு இருந்தது. மென்பொருளின் மூலம் மட்டும் கிடைக்கவில்லை. யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்திட்டுவிட்டதாகச் சொல்லி, வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கு அடிகோலினார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸை எழுதினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கை கொடுத்து அதை வளர்த்தார்கள்.

நமது அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைப் புகுத்தியதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அம்மாநிலக் கல்வித்துறையின் 'கைட்' நிறுவனம் கணக்குக் கூறிற்று.

கூலியோடு சேர்ந்த விஷயம்

பணம் மட்டுமா பிரச்னை? 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போன் செயலி மூலம் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தினம் இரண்டு முறை போட்டோ. சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்றால் வெயிலில் மண் வெட்டியவரின் கூலிக்கே ஆபத்து. தவறு எங்கே என்று நம் பிள்ளைகளில் படித்தவர் பார்க்கலாமென்றால் அந்தச் செயலியின் மூலம் அவர் கையில் இல்லை.

திறந்த மூலம் வந்துவிட்டால் சுரண்டல் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பலர் சேர்ந்து உழைத்த லினக்ஸின்மேல்தான் ஆண்ட்ராய்ட் செல்போனும் நிற்கிறது. அதைக் கொண்டு கோடி கோடியாகச் சம்பாதிப்பவை பெரிய கம்பெனிகளே. வாசல் திறந்தால் போதாது. உள்ளே நுழைய நமக்குப் படிப்பும் சங்கமும் வேண்டும்.

ஆனாலும் கேட்டால் திறக்கும். கொரோனா காலத்தில் 'ஆரோக்ய சேது' செயலியின் மூலத்தைக் காட்டு என்று பலர் வற்புறுத்தினார்கள். 2020 மே மாதம் மத்திய சர்க்கார் அதன் ஆண்ட்ராய்ட் மூலத்தை வெளியிட்டது. அரசாங்கத்தில் திறந்த மூலத்துக்கே முதலிடம் என்று 2015-லேயே கொள்கை அறிவித்ததும் அதே சர்க்கார்தான்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை: நம் கூலியைக் கணக்கிடும் மென்பொருளின் மூலம் பகிரங்கமாக வேண்டும். யந்திரம் தவறினால் மஸ்டர் ரோலில் கையெழுத்தே செல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பள்ளியில் திறந்த மென்பொருள் வேண்டும்.

கோயிலின் ஒரு பக்கத்தில் எல்லோருக்கும் வாசல் திறந்த ஊர் இது. இந்த வாசலையும் திறக்கச் சொல்லி முதல் குரல் ஏம்பலத்திலிருந்தே எழட்டும்!